எல்.கே.ஜி. அறையில் ரோமாபுரி

எண்பதுகளின் கடைசியில் நான் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். பாடங்கள் தபாலில் வரும். படித்தால் பாதி புரியும், பாதி புரியாது. கேட்க ஆள் கிடையாது.

பட்டணத்துக்குள் நடந்த ஒரு நேர்முக வகுப்பில்தான் மற்ற இரண்டு பேரையும் பார்த்தேன். மூன்று பேரும் ஒரே ரயிலில் திரும்பினோம். ஒருவர் நசரத்பேட்டை அக்கா. கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, அம்பத்தூரில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தார். இன்னொருவர் மண்ணூர்பேட்டைக்காரர். எஸ்டேட்டில் ஒரு பெரிய உதிரிபாகக் கம்பெனியில் லேத் ஓட்டுபவர். அவருடைய அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயல் மேலேயேதான் இப்போது கம்பெனி நிற்கிறது என்று சொல்வார். அவர் கம்பெனித் தொழிற்சங்கத்தில் செயலாளர். அதனால் நாங்கள் அவரைச் சங்கத்து அண்ணன் என்றே கூப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் பள்ளியில் கூடிப் படிப்பது என்று முடிவானது. தலைமை ஆசிரியை எல்.கே.ஜி. அறையின் சாவியை அக்காவிடம் கொடுத்தார். முட்டி நெஞ்சில் இடிக்கிற மாதிரி குட்டி நாற்காலிகள். சுவரில் ஆப்பிள், பந்து, பூனை. அதற்கு நடுவில் உட்கார்ந்து நாங்கள் ரோமாபுரியைப் பற்றிச் சண்டை போட்டோம்.

சண்டைதான். அக்காவுக்கு அரசியல் பிடிக்காது. ஒரு கவிதைக்காகவும் ஏதோ ஒரு தவறுக்காகவும் சக்கரவர்த்தி ஒரு கவிஞனைக் கருங்கடல் ஓரத்துக்கு நாடு கடத்தினான் என்று பாடத்தில் ஒரு பத்தி வரும். அக்கா அதையே திரும்பத் திரும்பப் படிப்பார். "அவன் பேசுற பாஷை தெரிஞ்ச ஒரு ஆள்கூட அங்க இல்லையாம்மா. யாருகிட்ட போய் எழுதிக் காட்டுவான்?" என்று கேட்பார். சங்கத்து அண்ணனுக்கோ கவிஞன் லட்சியமே இல்லை. அவருக்கு வேண்டியது மக்கள் பிரதிநிதி. ஏழை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிற ஆள். அவன் உடம்பில் யாரும் கை வைக்கக் கூடாது, வைத்தால் தெய்வக் குற்றம் என்று சட்டம். அப்படி ஒருவன் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தான். செனட்டில் இருந்த பெரிய மனிதர்கள் பெஞ்சை உடைத்து, அதன் காலாலேயே அவனை அடித்துக் கொன்றார்கள். பிணத்தை ஆற்றில் போட்டார்கள்.

"கத்தி இல்ல, ஈட்டி இல்ல. பெஞ்சிக் காலு," என்றார் அண்ணன். "படிச்சவன், பெரிய ஊட்டு ஆளு. கோவம் வந்தா அவனும் கைல கெடைச்சத தூக்குறான் பாரு."

அவர் அதைச் சொன்ன வாரம்தான் அவருடைய கம்பெனியில் கதவடைப்பு ஆரம்பித்தது.

வேலைக்குப் போகிற வழியில் நான் தினமும் அந்த கேட்டைப் பார்ப்பேன். பெரிய பூட்டு. எதிரில் கொட்டகை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ் வேன் நிற்கும். காலை ஷிப்ட் சங்கு ஊதாததால் அந்தத் தெருவே காது அடைத்த மாதிரி இருந்தது. மெஷின் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகிய டீக்கடைக்காரர்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினார். அப்பா, "அந்தப் பக்கம் நெலம சரியில்ல, ஞாயித்துக்கிழம வகுப்பெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேணாம்மா" என்றார். நான் கேட்கவில்லை. பரீட்சை பக்கத்தில் வந்துவிட்டது.

நாலாவது ஆள் அப்போதுதான் சேர்ந்தார். அக்காவைத் தேடிப் பள்ளிக்கே வந்தாராம். தானும் தபால் வழியில் அதே படிப்புதான், திருமழிசையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன், தனியாகப் படித்தால் மண்டையில் ஏறவில்லை என்று சொல்லியிருக்கிறார். முப்பது வயதுக்குள் இருக்கும். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, பையில் எப்போதும் ஒரு பொட்டலம் மசால் வடை. சங்கத்து அண்ணனை அண்ணாத்தே என்பார். என்னை சிஸ்டர் என்பார்.

முதல் இரண்டு வாரம் அவர் ரோமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வடையைப் பிரித்து வைத்துவிட்டு அண்ணனிடம்தான் பேச்சுக் கொடுத்தார்.

"ஊடு எங்க அண்ணாத்தே, மண்ணூர்பேட்டைல எந்தப் பக்கம்?"

"கோயிலாண்ட."

"திங்கக்கெழம ஆனா எங்க திருமழிசை பக்கம் வர்றீங்களாமே? டிவிஎஸ் வண்டிலயா?"

"ஆமா. அங்க எங்க மொதலாளிக்கு இன்னொரு யூனிட்டு கீதுல்ல. அந்த ஆளுங்களும் வெளிய வந்தாதான் இது முடியும்."

"காலைலயே கெளம்பிடுவீங்களா?"

அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "வடை ஆறுது, முதல்ல பாடத்த எடுங்க" என்றார்.

அதே சமயத்தில்தான் பள்ளிக்கு எதிரில் இருந்த டீக்கடை ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்க ஆரம்பித்தது. கறுப்பு வண்டி. அதில் சாய்ந்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். டீ குடிக்க மாட்டான், பேப்பர் படிக்க மாட்டான். நாங்கள் உள்ளே போகும்போது இருப்பான். வெளியே வரும்போதும் இருப்பான். நான் அண்ணனிடம் காட்டினேன். "கேட்டாண்டயும் அதே வண்டி வருது. பாத்துகினு இருக்கட்டும். நாம இன்னா, ரோமாபுரிய தானே படிக்கிறோம்" என்று சிரித்தார். அவர் சிரித்தது வாயோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நூலகத்திலிருந்து படங்கள் உள்ள ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். ரோமானியச் சிற்பங்கள், ஓவியங்கள். மற்ற ஊர்ச் சிற்பங்களைப் போல் அழகான முகங்கள் இல்லை. சுருக்கம், தொங்கும் கன்னம், பொக்கை வாய் எல்லாவற்றையும் அப்படியே செதுக்கியிருந்தார்கள். புரட்டிக்கொண்டே வந்தபோது வட்டமான ஒரு பலகை ஓவியம் வந்தது. சக்கரவர்த்தி, அவன் மனைவி, முன்னால் இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அழுக்குத் திட்டு.

"செல்லரிச்சிருக்குமோ?" என்றார் அக்கா.

நான் கீழே இருந்த குறிப்பைப் படித்துச் சொன்னேன். அப்பா செத்ததும் மூத்த பிள்ளை தம்பியைக் கொன்றான். அதோடு விடவில்லை. தம்பியின் பேரைச் சொல்லக் கூடாது, கல்வெட்டில் இருந்தால் செதுக்கி எடுக்க வேண்டும், ஓவியத்தில் இருந்தால் முகத்தைச் சுரண்ட வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

புது ஆள் வடையைக் கீழே வைத்தார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் திட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு சிஸ்டர் சுரண்டுனது? அண்ணங்காரனேவா?"

"அவன் எதுக்கு? யாராவது வேலையாளா இருக்கும்."

"அவன் இன்னா பண்ணுவான் பாவம். ராஜா சொன்னா செய்யணும்ல," என்றார். பிறகு வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

அன்றிலிருந்து அவர் மாறினார். அடுத்த வாரம் பாடத்தை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். அடிமைகள் சாட்சி சொன்னால் ஏன் சித்திரவதை செய்துதான் கேட்டார்கள், சிற்பம் செதுக்கியவன் பேரை ஏன் எங்கேயும் போடவில்லை என்று சரமாரியாகக் கேள்வி கேட்டார். அக்காவின் கவிஞனுக்காக அவரும் வருத்தப்பட்டார். வீட்டைப் பற்றி, வண்டியைப் பற்றி அண்ணனிடம் விசாரிப்பதை விட்டுவிட்டார். ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் போகவில்லை. அவர் வகுப்புக்குள் நுழையும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வருவதை நான் கவனித்தேன்.

கடைசியாக நாங்கள் நால்வரும் சேர்ந்து படித்தது துப்பு சொல்பவர்களைப் பற்றிய பகுதி. சக்கரவர்த்திக்கு எதிராக யார் என்ன பேசினாலும் காட்டிக் கொடுத்துப் பிழைத்த ஒரு கூட்டம் ரோமில் இருந்தது. விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். மாட்டிக்கொண்டவன் சொத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு வரும். கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் படுத்துக்கொண்டு ஒரு நண்பனின் பேச்சை ஒட்டுக்கேட்ட பெரிய மனிதர்கள்கூட இருந்தார்கள்.

"தூ," என்றார் அக்கா. "சோத்துல கைய வச்சிக்கிட்டே காட்டிக் குடுக்கிறான்னா அவன் மனுசனா?"

சங்கத்து அண்ணன் புது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது ஆள்தான் பேசினார். "அவனுக்கும் பொண்டாட்டி, புள்ள கீதுக்கா. ஒரு நாளு ஒருத்தன் வந்து, போய் சும்மா உக்காந்து கேட்டுகினு வா, வேற ஒண்ணும் வேணாங்கிறான். இவனும் சும்மா தானேன்னு போறான். கேட்டத சொல்றான். அப்பால அவனுங்க இன்னா செய்யப் போறானுங்கன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சப்புறம்?" என்று கேட்டார் அண்ணன்.

புது ஆள் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை.

வகுப்பு முடிந்து நான் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். உச்சி வெயில். பின்னாலிருந்து, "சிஸ்டர், திரும்பாதீங்க" என்று குரல் கேட்டது. அவர் என் பக்கத்தில் நின்று, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். எதிர்ச் சாரியில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

"நாளைக்கு அண்ணாத்தய வண்டில வர வேணாம்னு சொல்லுங்க. பஸ்ல வரச் சொல்லுங்க. தனியா வேணாம், நாலஞ்சு பேரோட. வழில நசரத்பேட்டையாண்ட லாரி நிக்கும்."

"என்ன லாரி? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வேல செய்யறது அவுங்க மொதலாளியோட யூனிட்டுல தான் சிஸ்டர். பர்மனென்ட் பண்றேன்னாங்க. சும்மா கேட்டுகினு வான்னு தான் சொன்னாங்க." அவர் உதடு காய்ந்திருந்தது. "நேத்து தான் மத்தது காதுல உயுந்துச்சு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

பூந்தமல்லி பஸ் வந்தது. அது நிற்பதற்குள் ஓடி ஏறிக்கொண்டார்.

நான் ஆவடி பஸ்ஸை விட்டுவிட்டு மண்ணூர்பேட்டைக்குப் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் என்று விசாரித்துக்கொண்டே போகும்போது ஒவ்வொரு முறை வாயைத் திறக்கவும் பயமாக இருந்தது. நான் விசாரிப்பதை யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்? அண்ணன் வீட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, இன்னா திடீர்னு?"

நான் சொன்னேன். யார் சொன்னது என்பதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதலில், "எத்தினி நாளைக்கி பயந்துகினு கீறது?" என்று துணியை உதறினார். அவர் மனைவி எழுந்து வந்து, மீன் வாடையடிக்கிற கையாலேயே வண்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "நடந்து போ. பஸ்ல போ. இந்த வண்டி ஊட்ட உட்டு நவுராது" என்றார். அண்ணன் கொட்டகையில் இருந்த ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் நான் டைப் அடித்த கடிதங்கள் எல்லாவற்றிலும் பிழை. சாயங்காலம் கேட் கொட்டகைப் பக்கமாக நடந்து போனேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, மெதுவாகச் சொன்னார்.

நசரத்பேட்டை தாண்டி ரோட்டோரம் புளிய மரத்தடியில் லாரி நின்றிருக்கிறது. நம்பர் பலகையில் சேறு பூசியிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்த மோட்டார் சைக்கிள். பஸ் கடந்து போகும்போது வெள்ளைச் சட்டைக்காரன் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். அண்ணன் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வந்ததும் இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

"சிரிச்சான்மா," என்றார் அண்ணன். "தெரிஞ்சவன பாத்தா மாதிரி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று நாற்காலிகள்தான் நிரம்பின. அக்காவின் முகம் வீங்கியிருந்தது. புது ஆள் பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார். இரண்டு நாளைக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரத்து முள் புதரில் கிடந்தாராம். நசரத்பேட்டை ஆட்கள்தான் தூக்கிப்போய்ச் சேர்த்தார்கள். அக்கா கூட்டத்தில் எட்டிப் பார்த்தபோதுதான் யாரென்று தெரிந்திருக்கிறது. பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்களாம்.

புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. அப்படியே எழுந்து பூந்தமல்லிக்குப் போனோம். வெளியே டீக்கடை ஓரம் காலியாக இருந்தது. மோட்டார் சைக்கிள் இருந்தபோது பயந்ததைவிட இல்லாதபோது அதிகம் பயந்தேன்.

வார்டின் கோடியில் படுத்திருந்தார். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. வலது கையில் விரல் நுனிவரை மாவுக்கட்டு. கால்மாட்டில் அவர் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். சங்கத்து அண்ணனைப் பார்த்ததும் புது ஆள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் தான் அண்ணாத்தே," என்றார் சுவரைப் பார்த்து. "ஊடு, வண்டி, திங்கக்கெழம, எல்லாம் நான் தான் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பத்திலேந்து?"

"ரெண்டாவது வாரமே தெரியும். பரிச்சைக்கி படிக்க வந்தவன் யாரும் ஊட்டு அட்ரஸ் கேக்க மாட்டான்." அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "தொரத்தி உட்டா வேற ஒருத்தன அனுப்புவானுங்க. அவன் யார்னு தெரியாது. நீன்னா கண்ணெதிர்ல இருப்பன்னு உட்டுட்டேன். அப்பால அந்தப் படத்த பாத்துட்டு நீ கேக்க ஆரம்பிச்ச. எனக்கே கொழம்பிப் போச்சு."

புது ஆள் அழுதார். அடிபட்ட முகத்தில் அழுகை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. அவர் மனைவி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்களில் யாரால் தன் புருஷனுக்கு இந்தக் கதி என்று தேடுகிற மாதிரி இருந்தது. அக்கா அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய் ஒரு வாய் சாப்ட்டுட்டு வாம்மா" என்றார். அவர் போகவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எல்.கே.ஜி. அறையில் கூடவில்லை. தலைமை ஆசிரியையை யாரோ வந்து பார்த்தார்களாம். யார், என்ன சொன்னார்கள் என்று அவர் அக்காவிடம் சொல்லவில்லை. சாவியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். என் கம்பெனியிலும் மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறேன் என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் எங்கேயும் போவதில்லை என்றேன். அப்போது அது உண்மையும்கூட.

பரீட்சையை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதினோம். குடியரசு ஏன் விழுந்தது என்றுதான் முதல் கேள்வி. பக்கம் பக்கமாக எழுதினேன். என்ன எழுதினேன் என்று இப்போது ஞாபகமில்லை. புது ஆளின் இடம் காலியாக இருந்தது. அவருடைய விரல்கள் சரியாகக் கூடவில்லை, பேனா பிடிக்க வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மழைக்காலத்துக்குப் பிறகு கம்பெனி கேட் திறந்தது. பெரும்பாலானவர்களை எடுத்துக்கொண்டார்கள், சங்கத்து அண்ணனை எடுக்கவில்லை. வழக்கு பல வருடம் நடந்தது. அவர் ஆட்டோ ஓட்டினார். பட்டமும் வாங்கினார். இரண்டு பையன்களையும் படிக்க வைத்தார். கடைசிவரை சொந்த ஊரான மண்ணூர்பேட்டையை விட்டு நகரவில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் ஆட்டோவை எடுக்க அவர் மனைவி விட்டதே இல்லை என்று அக்கா சொல்வார். அக்காவோடு எனக்கு இன்றும் தொடர்பு இருக்கிறது.

புது ஆளை ஒரே ஒருமுறை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகிப் பூந்தமல்லியில் குடியிருந்த காலம். பகல் நேரம். ஒரு சிறுமியின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த பஸ்ஸில் ஏறினார். தலைமுடி கொட்டியிருந்தது. நான் எழுந்து கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் ஏறின படியிலேயே நின்றார். முன் இருக்கையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருவர் முகமாக, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்துக்கும் வந்தார். ஒரு கணம் நின்றார். அடையாளம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த முகத்துக்குப் போனார். பின் இருக்கை வரை பார்த்து முடித்தபின், மகளை இழுத்துக்கொண்டு அந்த பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார்.